எஞ்சினுக்குள் ஓர் ஏடு

பழைய மாணாக்கர் தமிழாசிரியனைத் தேடி வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உள. திருமணத்துக்கு வாழ்த்துப்பா வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வேண்டும். இறந்தார்க்குக் கல்வெட்டு வேண்டும். சென்ற தை மாதத்தில் ஒரு மாணாக்கன் நாலாவது காரணமொன்றோடு என் வீட்டுப் படியேறினான்.

“ஐயா, ‘ரீமாப்பிங்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதப் போகிறேன்.”

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியின் கிளையொன்றில் மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் சிறு கடை வைத்திருப்பவன் அவன். வகுப்பிலே புணர்ச்சி விதி அவனுக்கு ஏறவில்லை. ஆனால், வெளியே வீதியில் ஓடும் வண்டியின் பெயரை ஒலியினாலேயே சொல்லிவிடுவான். அந்நாளில் அதற்காக அவனை நான் கடிந்ததுண்டு. இன்று அச்செவியே அவனுக்குச் சோறு போடுகின்றது.

“பொருளறியாமல் எப்படிச் சொல் தருவது?” என்றேன்.

“அப்படியாயின் சனிக்கிழமை கடைக்கு வாருங்கள் ஐயா” என்றான்.

சென்றேன். ஒரு சொல்லைத் தேடிச் சென்றவன் வேறு பலவற்றையும் கண்டு மீண்டேன். அவற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

பெட்டியும் அட்டவணையும்

மேசைமீது கைக்குள் அடங்கும் கரிய பெட்டி ஒன்று கிடந்தது. அதுவே எஞ்சினை ஆளும் கணினி. முன்னாளைய வண்டிகளில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேற்றரின் தொழில். கலவை மிகின் ஒரு ‘ஜெட்’டை மாற்றுவர், குறையின் ஊசியை ஒரு பள்ளம் ஏற்றுவர், தீப்பொறிக் கட்டையைக் கழற்றி, அதன் நிறம் கரியதோ வெளியதோ என்று பார்த்து நோயறிவர். இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்தத் தொழில் கணினியிடம் போய்விட்டது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைவிதியின் பின்னர், அங்கு உருவாகும் இருசக்கர வண்டிகள் ஏறக்குறைய யாவும் இம்முறைக்கு மாறின.

காற்றுக் கதவம் எவ்வளவு திறந்திருக்கின்றது, எஞ்சின் எத்துணை விரைவாகச் சுழல்கின்றது, காற்றின் அமுக்கம் என்ன, வெப்பம் என்ன, புகையில் எஞ்சிய ஒட்சிசன் எவ்வளவு என்பவற்றையெல்லாம் உணரிகள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி தன் நினைவிலுள்ள அட்டவணையைப் பார்க்கும். அட்டவணையின் ஒரு பக்கம் சுழற்சியின் வேகம். மற்றப் பக்கம் கதவத்தின் திறப்பு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அவ்வெண் சொல்லும் அளவுக்கே பெற்றோல் தூவப்படும். இன்னோர் அட்டவணை தீப்பொறி எழவேண்டிய கணத்தைச் சொல்லும். நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும் நான்கடிப்பு எஞ்சினில், ஓர் உருளைக்குச் செக்கனுக்கு 50 தடவை இந்த வேலை நடந்து முடிகின்றது. மனிதர் எவரும் இத்துணை விரைவாக ஓர் ஏட்டைப் புரட்டியதில்லை.

“இந்த எண்களை எடுத்து, மாற்றி, மறுபடி உள்ளே பதித்துவிடுவதுதான் ஐயா ரீமாப்பிங்” என்றான் மாணாக்கன்.

“தொழிற்சாலையில் அறிந்தவர்கள் எழுதிய எண்களை ஏன் மாற்றவேண்டும்?”

இக்கேள்விக்கு அவன் தந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு எடையால் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையை வடிக்கும் வினையூக்கியும் அவ்வளவிலேதான் நன்கு வேலை செய்யும். ஆனால் எஞ்சினின் முழு வலுவும் வெளிப்படவேண்டுமாயின் காற்று 13 பங்குக்கு அண்மையில் இருத்தல் நன்று. கலவை சற்றே செறிவாக வேண்டும் என்பது பொருள். ஆகவே, தூய்மைக்கு ஓர் எண், வலுவுக்கு ஓர் எண், சிக்கனத்துக்கு வேறோர் எண். அன்றியும், அதே வண்டி பாலைவனத்திலும் ஓடவேண்டும், பனியிலும் ஓடவேண்டும். நல்ல எண்ணெயிலும் ஓடவேண்டும், கெட்ட எண்ணெயிலும் ஓடவேண்டும். எல்லார்க்கும் பொதுவாக எழுதிய நூல் எவர்க்கும் முற்றப் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியிலேதான் இத்தொழில் பிழைக்கின்றது.

மலைநாட்டு வாசகர்க்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறினால், அங்குக் காற்றின் அமுக்கம் கடன்மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். காபரேற்றருக்கு இது தெரியாது. மலையேறிய வண்டி அதனாற் கரும்புகை கக்கித் திணறும். கணினியுள்ள வண்டிக்கோ அமுக்கத்தைச் சொல்ல ஓர் உணரி உண்டு. அது பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆயினும், இல்லாத காற்றை எந்த எண்ணும் உண்டாக்கித் தராது. மலையில் வண்டி வலுவிழக்கின்றதே என்று அட்டவணையை மாற்ற வருவோரிற் பாதிப்பேரைத் தான் திருப்பி அனுப்பிவிடுவதாக மாணாக்கன் சொன்னான்.

மலைமீது விரைந்தேறும் ஆசை நம்மவர்க்குப் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கியது 1934ஆம் ஆண்டில். ஆசை பழையது, கருவி மட்டுமே புதியது.

உரையும் மூலமும்

இத்தொழிலில் இருவழிகள் உள என்று அறிந்தபோது என் பண்டித உள்ளம் விழித்துக்கொண்டது.

முதல் வழியில் மூலக் கணினியைத் தொடுவதில்லை. வேறொரு சிறு பெட்டியை வயர்களின் நடுவே இணைத்துவிடுவர். மூலக் கணினி சொல்வதைக் கேட்டு, சற்றே கூட்டியோ குறைத்தோ அது எஞ்சினுக்குச் சொல்லும். அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனத்துப் பவர் கமாண்டர், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்துப் பவர்ட்ரானிக் என்பன இவ்வகையின. வேண்டாத போது கழற்றிவிடலாம். இது மூலத்தின்மேல் எழுதிய உரை போன்றது. உரையாசிரியர் தவறினும் மூலம் கெடுவதில்லை.

இரண்டாவது வழியில் மூல அட்டவணையையே படித்தெடுத்து, எண்களை மாற்றி, பழையதன்மேற் புதியதை எழுதிவிடுவர். எழுதிக்கொண்டிருக்கையில் பற்றரி தளர்ந்து மின்சாரம் நின்றால், பெட்டி உயிரிழந்து கல்லாகிவிடலாம். இன்னொன்று: பல பெட்டிகளில் எல்லா எண்களையும் ஒருவகையாற் கூட்டிய சரிபார்ப்புத் தொகை ஒன்று இறுதியில் இருக்கும். எண்ணொன்றை மாற்றியவன் அத்தொகையையும் மாற்றாவிடின், ‘இது என் ஏடன்று’ என்று கணினி மறுத்துவிடக்கூடும். நூலின் இறுதியிலே செய்யுட்டொகை குறித்துவைத்த நம் முன்னோரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. இடைச்செருகலுக்கு அஞ்சியவர்கள் எல்லாக் காலத்தும் ஒரே வழியைத்தான் கண்டிருக்கிறார்கள்.

துளை விழுந்த பிஸ்டன்

கடையின் மூலையில், எஞ்சின் பிரிக்கப்பட்ட வண்டியொன்று நின்றது. மாணாக்கன் அதன் பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தான். அதன் உச்சியில், மெழுகிற் சூடுபட்டாற்போல உருகிய ஒரு துளை. சுண்டுவிரல் நுழையும்.

அருகே முக்காலியில் இருந்த இளைஞனே அவ்வண்டிக்கு உரியவன். உன்னஸ்கிரியவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தான். கண்டியிற் பொதிகளை ஏற்றிக்கொண்டு, பதினெட்டு வளைவு இறங்கி, மகியங்கனைப் பக்கத்துக் கடைகளிற் சேர்ப்பது அவன் தொழில். தாயார் தோட்டவேலையினின்றும் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியை முற்பணமாகக் கட்டி வாங்கிய வண்டி அது. மீதி, மாதந்தோறும் தவணை.

2022ஆம் ஆண்டில், எரிபொருட் பஞ்சத்தின்போது, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 இலீற்றர் என்று கியூஆர் அட்டைமூலம் பங்கிட்டதை நாம் மறக்கவில்லை. பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கிற்று; அந்நாள்கள் ஊட்டிய பயம் நீங்கவில்லை. ‘குறைந்த எண்ணெயில் கூடிய வேகம்’ என்று ஒருவர் சொல்ல, அவன் நம்பினான். அவர் மடிக்கணினியை இணைத்தார், கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது, பணம் பெற்றுக்கொண்டார். பெற்றோலைக் குறைத்திருந்தார், தீப்பொறியை முன்தள்ளியிருந்தார்.

அந்த எண்கள் 95 ஒக்ரேன் பெற்றோலுக்குப் பொருந்தியிருத்தல் கூடும். இளைஞன் ஊற்றியது விலை குறைந்த 92. பொதி சுமந்து பதினெட்டு வளைவு ஏறும்போது எஞ்சினுக்குள் கல்லுத் தெறிப்பது போன்ற ஒலி கேட்டதாம். தீப்பொறி மூட்டிய தீ பரவுமுன், அமுக்கத்தாலும் வெம்மையாலும் மீதிக் கலவை தானே வெடிக்கும் ஒலி அது. வண்டி முன்னிலும் விரைவாக ஓடியதால் அதனை அவன் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரத்திற் பிஸ்டன் உருகிற்று.

“பிஸ்டனை மாற்றிவிடலாம் ஐயா. பெரிய சிக்கல் அதுவன்று. அந்த மனிதர் மூலத்தை எடுத்து வைக்கவில்லை. இந்த வண்டியின் பழைய எண்கள் உலகத்தில் எங்குமில்லை, அதன்மேலேயே எழுதிவிட்டார்.”

இளைஞன் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலப்பிரதி அழிந்தது என்னும் செய்தியைப் புத்தகத்திலன்றி ஒருவன் முகத்தில் அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன்.

பிரதி தேடிய கதை

புதிய கணினியின் விலை அவனுடைய இருமாதச் சம்பாத்தியத்தை விழுங்கும். எஞ்சிய வழி ஒன்றே. அதே வகை, அதே ஆண்டு, அதே பதிப்பெண் கொண்ட, எவர் கையும் படாத வண்டியொன்றைக் கண்டுபிடித்து, அதன் எண்களைப் படி எடுத்தல் வேண்டும். வகை ஒன்றாயினும் பதிப்பெண் வேறானால் எண்கள் பொருந்தா. மாணாக்கன் இருபது வண்டிகளுக்குமேற் பார்த்தான். சில ஆண்டு வேறு. சில முன்னரே திருத்தப்பட்டவை. சிலவற்றின் உரியவர்கள் சம்மதிக்கவில்லை. ஈற்றிற் கம்பளையில் ஒன்று அகப்பட்டது. அதன் உரியவர் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். முன்பின் அறியாத ஒரு வாலிபன் தம் வண்டியில் வயர் செருகுவதை அவர் விரும்பவில்லை.

“ஐயா, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால்...” என்றான் மாணாக்கன்.

ஏட்டுப்பிரதிக்காக ஊர்ஊராக அலைந்தோரைப் பற்றி முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லிவந்தவன் நான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையையும் பதிப்பித்தார். அதே 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை வாயில்களின் முன் நின்ற நிலை உண்டு! அவர்களைப் புகழ்ந்து பேசிய வாய், கம்பளைக்குப் போக மறுத்தல் தகுமா? மறுநாட் காலை பஸ் ஏறினேன்.

தபாலதிபர் நாற்காலி தந்தார், தேநீர் தந்தார், வண்டியைத் தரவில்லை.

“பண்டிதர், நான் மறுப்பதாக நினையாதீர்கள். எடுத்த பின் என் வண்டியிற் குறைவு வந்தால்?”

“உங்களிடமுள்ள நிகண்டை ஒருவர் பார்த்துப் படி எழுதிக்கொண்டால், உங்கள் நிகண்டிற் சொற் குறையுமா?” என்று கேட்டேன்.

அவர் சற்று எண்ணினார். “குறையாது. ஆனால் படி எழுதுகிறவன் ஏட்டை முறித்துவிடலாமே!”

நியாயமான கேள்வி. மாணாக்கன் முன்வந்து, தான் செய்யப்போவது வாசிப்பு மாத்திரமே, எழுத்தன்று என்பதை விளக்கினான். வண்டியின் பற்றரிக்குத் துணையாக வேறொரு பற்றரியைப் பொருத்திக் காட்டினான். இளைஞனோ தன் பையைத் திறந்து அந்த உருகிய பிஸ்டனை எடுத்துத் தபாலதிபரின் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைத்தான். எங்கள் இருவரின் வாதத்தினும் அதுவே வலிதாயிற்று. அவர் எழுந்து திறப்பை எடுத்து வந்தார். வாசித்து முடிய பன்னிரண்டு நிமிடம் சென்றது. அந்நேரம் முழுவதும் அவர் தம் வண்டியின் இருக்கைமீது கையை வைத்தபடியே நின்றார்.

உலகம் கண்ட வழக்குகள்

ஒரு பெட்டிக்குள் இருக்கும் எண்களைப் பற்றி இத்துணை பேசவேண்டுமா என்று வாசகர் வினவலாம். உலகத்துப் பெருநிறுவனங்களே அவ்வெண்களால் தலைகுனிந்த செய்தி உண்டு.

2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் சூது வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் நிற்கின்றோமா, வீதியில் ஓடுகின்றோமா என்பதை அதன் டீசல் வாகனங்களின் கணினி தானே உணர்ந்து, சோதனையின்போது மட்டும் புகையை அடக்கிக்கொண்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த எழுத்து இருந்தது.

மோட்டார்ச் சைக்கிளைப் பற்றிய வழக்கே ஒன்றும் உண்டு. எஞ்சினின் எண்களை மாற்றி வலுவேற்றும் கருவிகளை ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2008ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 340,000 விற்றிருந்தது. பந்தயத் தடத்துக்கெனவே விற்றதாக நிறுவனம் கூறிற்று. வீதியில் ஓடும் வண்டிகளின் புகை மிகுந்தது என்றது அமெரிக்க அரசு. 2016 ஓகஸ்டில் நிறுவனம், தவறென்று ஒப்புக்கொள்ளாமலே, 12 மில்லியன் டொலர் தண்டம் செலுத்தவும், அக்கருவிகளின் விற்பனையை நிறுத்தவும், கடைகளில் எஞ்சியவற்றை மீளப்பெற்று அழிக்கவும் இணங்கியது.

இது கண்டிக்கு எட்டாத செய்தியன்று. நம் நகர் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. கடற்கரை நகரின் புகையைக் காற்று அடித்துச் செல்லும். நம் புகை காலையிற் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளோடு கூடவே நடக்கும். இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப்பரிசோதனை, வண்டியை நிறுத்திவைத்தே அளப்பது. நிற்கும்போது ஒழுங்காகவும், ஏறும்போது வேறாகவும் எண்களை எழுத வல்லவனுக்கு அச்சோதனை ஒரு தடையாகாது. ஆகவே, இத்தொழிலில் இறுதிக் காவல் சட்டமன்று, எழுதுபவனின் மனச்சாட்சியே.

சொல் கிடைத்தது

இனி, வந்த காரியத்துக்கு வருவோம்.

முதலில் ‘திருத்தம்’ என்னும் சொல்லை எண்ணினேன். திருத்தம் என்றால் முன்னையது பிழை என்றாகும். தொழிற்சாலை எழுதியது பிழையன்று, பொதுமை. ‘எண்மாற்றம்’ என்பது பிஸ்டனை உருக்கிய அம்மனிதர் செய்ததற்கே பொருந்தும். ‘மறுவரைவு’ என்பதோ ஆங்கிலச் சொல்லின் நிழல். ஈற்றில் என் தொழிற் சொல் ஒன்றையே அவனுக்குக் கொடுத்தேன்: ‘மீள்பதிப்பு’.

கொடுக்குமுன் அச்சொல்லுக்குரிய கடமைகளைச் சொன்னேன். பதிப்பாசிரியன் மூலத்தைக் காப்பாற்றிவைப்பான். பல பிரதிகளை ஒப்புநோக்கியே ஓர் எழுத்தை மாற்றுவான். மாற்றியதை மறையாது, பிரதிபேதம் இதுவென்று அடியிற் குறித்துத் தன் பெயரையும் இடுவான். இம்மூன்றும் செய்பவனுக்கே இச்சொல் உரியது.

மாணாக்கன் அன்றே ஒரு தடித்த கொப்பி வாங்கினான். வண்டி வந்தவுடன் அதன் மூல எண்களைப் படியெடுத்து இருவேறிடத்திற் சேமிக்கிறான். வலுவை அளக்கும் உருளைப்பொறி வாங்க அவனுக்கு வசதியில்லை. ஆனால் புகைக்குழாயில் அகலவீச்சு ஒட்சிசன் உணரியைப் பொருத்தி, மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டிக் கலவையைப் பதிந்து பார்த்த பின்னரே ஓர் எண்ணைத் தொடுகிறான். எதனை, எவ்வளவு, ஏன் மாற்றினான், எந்தப் பெற்றோல் ஊற்றவேண்டும் என்பதைக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டு, அதன் படியொன்றை வண்டிக்காரனிடம் கொடுக்கிறான். கொப்பியில் முதலாவதாக உள்ளது தோட்டத்து இளைஞனின் வண்டி. அதற்கு நேரே ‘மாற்றம் எதுவுமில்லை, மூலம் மீட்கப்பட்டது’ என்று எழுதியிருக்கின்றது.

பலகை எழுந்துவிட்டது. ‘இங்கே புத்தகமும் அச்சடிப்பீர்களா?’ என்று சிலர் வந்து கேட்கிறார்களாம். அதைச் சொல்லி மாணாக்கன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லை மாற்றித்தர மட்டும் மனம் வரவில்லை.

சென்ற வாரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றேன். பொதி ஏற்றிய வண்டியொன்று என்னைக் கடந்து சென்று, சற்றுத் தூரத்தில் நின்றது. அந்த இளைஞன் தலைக்கவசத்தைக் கழற்றி வணங்கினான். இழந்த மூன்று வாரக் கூலியால் ஒரு தவணை பின்தங்கிவிட்டதென்றும், வரும் மாதத்தில் அதனைச் சரிசெய்துவிடுவான் என்றும் சொன்னான்.

“வண்டி எப்படி ஓடுகின்றது, தம்பி?” என்றேன்.

“முன்போலத்தான் ஐயா” என்றான்.

முன்போல என்பது எத்துணை பெரிய சொல் என்பதை, அதனை இழந்து மீளப்பெற்றவனே அறிவான்.